சுவரில் இருபத்தொரு கோடு

அம்மாவைப் பெற்ற அமுச்சியின் வீட்டு மாட்டுக் கட்டுத்தரையின் மண்சுவரில் இரண்டு வகைக் கோடுகள் இருக்கும். சுண்ணாம்பில் இழுத்தவை பால் கணக்கு. கரியில் இழுத்தவை செவலையின் கணக்கு. செவலை கத்திய நாளுக்கு ஒரு சுழி. அதற்குப்பின் விடிந்தால் ஒரு கோடு. ஏழு கோடு முடிந்ததும் கீழே அடுத்த வரி. மூன்றாவது வரி நிறையும் நாளில் அமுச்சி வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து, மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாசல் தெளிப்பாள்.

தாராபுரத்துக்குக் கிழக்கே மேட்டுக்காட்டு ஊர் அது. செவலை ஜெர்சிக் கலப்பு. எங்கள் பக்கம் கலப்பினம் எதுவானாலும் ‘சிந்து மாடு’தான்; சிந்துவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

“செவலை காளைக்குக் கத்துகிறது” என்று அத்தை கட்டுத்தரையிலிருந்து குரல் கொடுத்தால் கிணற்றடியில் நிற்கும் மாமா, தடத்தில் போகும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி என எல்லோர் காதிலும் விழும். மாட்டின் வாலடியில் வடியும் வழும்பு கண்ணாடி போல விழுகிறதா, கலங்கலாக விழுகிறதா என்று ஆண்கள் நடுவாசலில் நின்று விசாரிப்பார்கள். அதே அத்தைக்கு மாதாமாதம் வருவதைச் சொல்ல மட்டும் வாய்விட்டு ஒரு சொல் கிடையாது. ‘தூரம்’ என்பதுகூட வெறும் உதட்டசைவுதான். அந்த மூன்று நாளும் அவள் கட்டுத்தரைப் பக்கம் வரக்கூடாது. வந்தால் பால் வற்றிவிடும் என்பது வீட்டு நம்பிக்கை. சுவர்க் கணக்கு அமுச்சியின் கைக்கு வந்ததே இதனால்தான். மாதத்தின் எல்லா நாளும் மாட்டை நெருங்கத் தகுதி பெற்ற ஒரே பெண்பிள்ளை அவள். எனக்கு அப்போது பத்து வயது. என்னை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஒரு கோடை விடுமுறை. கம்பவுண்டர் வந்து சினை ஊசி போட்டுவிட்டுப் போன இரண்டாம் நாள் காலையில், செவலையின் வால் மயிரில் ரத்தம் ஒட்டிக் காய்ந்திருந்தது. தொடையிலும் ஒரு கீற்று. மாட்டுக்கு அடிபட்டுவிட்டது என்று நான் கத்திக்கொண்டே ஓடினேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, “அதுவும் தூரமாகியிருக்கிறது கண்ணு, சத்தம் போடாதே” என்றாள். மாமாவுக்கோ வேறு கவலை. “ரத்தம் கண்டுவிட்டது, ஊசி வீண்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்த முறை நிற்காவிட்டால் சந்தைக்கு ஓட்டிவிடுவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அமுச்சி ஒன்றும் பேசவில்லை. கரித்துண்டை எடுத்து அன்றைய கோட்டை இழுத்தாள். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

மூன்று வரி நிறைந்தும் செவலை கத்தவில்லை. அடுத்த மாசியில் கிடேரிக் கன்று ஈன்றது.

அத்தை சொன்னதும் தப்பு, மாமா சொன்னதும் தப்பு என்று எனக்குத் தெரியவர இருபது வருடம் ஆனது. பசுவுக்கு மாதவிடாய் கிடையாது. அன்று நான் பார்த்த ரத்தத்தின் கதை வேறு. பருவத்துக்கு வரும்போது சூலகத்தில் பழுக்கும் முட்டைக் கொப்புளம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. அந்த வேகத்தில் கருப்பையின் உட்சுவரில் ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கும். பருவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் சரிந்ததும் மயிரிழைக் குழாய்கள் சில கசிகின்றன. அது ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வழும்போடு கலந்து வெளியே வருகிறது. கிடேரிகளில் அதிகம், ஈன்ற மாடுகளில் குறைவு. மாடு சினையானதா இல்லையா என்பதற்கும் இந்தக் கசிவுக்கும் தொடர்பே இல்லை. அது சொல்வது ஒன்றைத்தான்: ஓரிரு நாளுக்கு முன் பருவம் வந்து போனது. கத்தியதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இதுவே கை கொடுக்கும்; ரத்தம் கண்ட நாளிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது நாள் கழித்து மாட்டின்மேல் கண் வைத்தால் போதும். அமுச்சியின் புள்ளி அதற்குத்தான். சினை ஊசி போடாத மாதங்களிலும் அவள் புள்ளி வைத்திருக்கிறாள்.

பெண்ணுக்கு வருவது கதையின் மறுமுனையில். முட்டை வெளியேறி இரண்டு வாரம் காத்திருந்து, கரு வராமல் போனபின் கருப்பையின் உட்படலம் கழன்று விழுகிறது. தெருநாய்க்கு இன்னொரு மாதிரி: அதற்கு ரத்தம் முதலில் வரும், ஒரு வாரம் பத்து நாள் போல வடியும், அதற்குப் பிறகுதான் ஆண் நாயை அண்டவிடும். மார்கழி மாதத்து நாய்களைத் துரத்திக்கொண்டு திரியும் பையன்களுக்கு இந்த வரிசை தெரியும், காரணம் தெரியாது. மூன்று விலங்கிலும் ஒரே நிறத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிட்டோம்.

இனி கத்தும் நாளைப் பற்றி. மாட்டின் சுற்று சராசரியாக 21 நாள்; 18 முதல் 24 வரை போகலாம். அதில் பருவம் என்பது 12 முதல் 18 மணி நேரம்தான், எங்கள் ஊர்க் கோடையில் இன்னும் சுருங்கிவிடும். தீவனத்தில் வாய் வைக்காது, நிலைகொள்ளாது, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கும், பால் குறையும், வாலடியில் வழும்பு தொங்கும். ஆனால் நம்பத்தக்க அடையாளம் ஒன்றே ஒன்று. மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்க வேண்டும். பக்கத்து மாட்டின் மேல் தாவுவது எது என்று பார்த்து அதற்கு ஊசி போடச் சொல்கிறவர்கள் உண்டு. தாவுவதல்ல, தாவும்போது நின்று கொடுப்பதுதான் கணக்கு. அதுவும் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் நடக்கும். ஒற்றை மாட்டைக் கட்டிப்போட்டு வளர்க்கும் வீட்டில் எது எதன்மேல் ஏறுவது? அங்கே கத்தலையும் வழும்பையும் நம்பித்தான் ஆக வேண்டும்.

எருமை அந்தக் கத்தலையும் செய்யாது. ஊமைப் பருவம் என்று கால்நடைக்காரர்கள் சொல்வது எருமைக்காகவே உண்டான சொல் போலிருக்கும். மாமா ஒரு எருமையை இரண்டு வருடம் மலடென்று திட்டித் தீர்த்தார். வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் அது எட்டாம் மாதம் கன்று போட்டது. எருமைச் சினைக்குப் பத்து மாதத்துக்கு மேல், சுமார் 310 நாள். மாமா விற்கும்போதே அது சினை என்பதை விரல்விட்டு எண்ணிய அமுச்சி, அதை ஒரு மாதம் வரை மாமாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தாள்.

பசுவுக்கு ஒரு குணம் உண்டு. கத்தல் ஓய்ந்து, காளையை உதைத்து விரட்டத் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதன் முட்டை வெளியேறுகிறது. ஆசை முதலில், முட்டை பிறகு. வெளியேறிய முட்டைக்கு ஆயுள் சில மணி நேரம். விந்தணுவோ உள்ளே போனதும் தயாராகிவிடாது. அதற்கும் ஆறேழு மணி நேரம் ஊற வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் சினை ஊசியின் வித்தை. காலையில் கத்தினால் மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்று இன்று எந்தக் கால்நடை மருந்தகத்திலும் சொல்லும் விதி, 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் மாடுகளை மணிக்கணக்கில் கண்காணித்துக் கண்டது.

பூச்சிக்காளை இருந்த காலத்தில் இந்தத் தலைவலி யாருக்கும் இல்லை. எங்கள் பக்கம் பொலிகாளைக்கு அதுதான் பெயர். காங்கேயம் பூச்சிக்காளை நிற்கும் தோட்டத்துக்கு மாட்டை ஓட்டிப்போய்க் கட்டிவிட்டால், நேரம் பார்ப்பது காளையின் பொறுப்பு. முகர்ந்து பார்த்து, உதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து, அதற்கே தெரியும். 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் நாட்டின் முதல் செயற்கைக் கருவூட்டல் நடந்தது. அந்த முறை ஊர் ஊராகப் பரவியபின் காளையின் மூக்கு செய்த வேலை மனிதன் தலையில் விழுந்தது. அமுச்சி வீட்டில் காளை போய்ச் சுவர் வந்தது.

ஒருமுறை காலையில் கத்திய மாட்டுக்கு மறுநாள் மாலை வந்து ஊசி போட்டார்கள். சைக்கிள் பஞ்சர் என்றார் வந்தவர். முட்டை வெளியேறி ஆறு மணி நேரமாவது ஆகியிருக்கும். ஊசிக்குக் காசு வாங்கத் தவறவில்லை.

தங்கையின் கதைக்கு வருகிறேன். மாமா மகனின் மனைவி, முறைக்கு எனக்குத் தங்கை. இன்று அந்தக் கட்டுத்தரை அவள் பொறுப்பு. மண்சுவரில் பாதி சிமெண்ட்டாகிவிட்டது. கரிக்கோட்டுக்குப் பதில் உரக்கடையில் கொடுத்த தினக் காலண்டர். கத்திய நாளின் தாளில் ‘க’ என்று பேனாவால் எழுதி வைப்பாள். சில ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் கடைசியில் நான் போயிருந்தபோது அவளுக்கு நாலு மாதம். ஒரு கலப்பின மாடு ஈன்று நாலைந்து மாதமாகியும் பருவத்துக்கு வரவில்லை என்று கால்நடை டாக்டரை வரவழைத்திருந்தாள். டாக்டர் சின்னப் பெண். முழங்கைக்கு மேல்வரை உறை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் குடலின் ஊடாகச் சூலகத்தைத் தடவிப் பார்த்தாள். கண்கள் எங்கோ இருந்தன, விரல்கள்தான் பார்த்தன. “இடது பக்கம் மஞ்சள் கட்டி நன்றாக இருக்கிறது. ஊமையாக வந்து போயிருக்கிறது. ஊசி போட்டுவிடலாம்” என்றாள்.

மருந்தை உறிஞ்சும்போது தங்கை மாட்டின் கயிற்றைப் பிடிக்க அருகே வந்தாள். டாக்டர் சட்டென்று சிரிஞ்சை விலக்கினாள். “அக்கா, நீங்கள் தள்ளி நில்லுங்கள். இந்த மருந்து கையில் பட்டால் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். உங்களுக்குக் கரு கலைந்துவிடக்கூடும்.” தங்கை இரண்டடி பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாள். கயிற்றை நான் பிடித்தேன்.

அந்த மருந்தின் பெயர் புரோஸ்டாகிளாண்டின். பசுவின் சுற்று முழுவதும் அதன் கையில்தான் இருக்கிறது என்று சொல்லலாம்.

டாக்டர் சொன்ன மஞ்சள் கட்டி உண்மையிலேயே மஞ்சள். முட்டை வெளியேறிய குழி ஆறி, திரண்டு, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும். பசுநெய்யின் நிறமும் இதுவும் ஒன்றே: பச்சைத் தீவனத்திலிருந்து வரும் கரோட்டின். எருமை கரோட்டினைப் பாலில் விடுவதில்லை, அதனால் எருமை வெண்ணெய் வெள்ளை. அதன் சூலகத்திலும் இந்தக் கட்டி வெளிறிப்போய்த்தான் இருக்கும். மால்பீகி என்ற இத்தாலியர் பதினேழாம் நூற்றாண்டில் இதற்குக் கார்பஸ் லூட்டியம், அதாவது மஞ்சள் உடல், என்று பெயர் வைத்தார். இந்தக் கட்டி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை அடுத்த முட்டை வெளியேறாது, மாடு கத்தாது.

அப்படியானால் 21-ஆம் நாள் ஏன் கத்துகிறது? கட்டியை யாரோ கொல்ல வேண்டும். பெண்ணின் உடலில் அது கொலையாவதில்லை. இரண்டு வாரத்தில் தானாகவே வற்றிப்போகிறது. கருப்பையை எடுத்துவிட்ட பெண்ணுக்கும், சூலகங்கள் இருக்கும்வரை, அவை பாட்டுக்கு மாதம் தவறாமல் தம் வேலையைச் செய்கின்றன. பசுவின் கருப்பையை எடுத்துவிட்டால் மஞ்சள் கட்டி மாதக்கணக்கில், ஏறக்குறைய ஒரு சினைக்காலம் முழுவதும், அப்படியே நிற்கும். கொலைகாரன் கருப்பைதான். பதினாறு, பதினேழாம் நாள்வாக்கில் கருப்பை தன் உட்சுவரிலிருந்து புரோஸ்டாகிளாண்டினை அலை அலையாக விடுகிறது. பொது ரத்த ஓட்டத்தில் போனால் நுரையீரலைத் தாண்டும்போதே அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதனால் இயற்கை ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. கருப்பையிலிருந்து வரும் சிரையின்மேல் சூலகத்துக்குப் போகும் தமனி பாம்பு போலச் சுற்றிக் கிடக்கிறது. ஒன்றின் சுவரிலிருந்து மற்றொன்றின் சுவருக்கு மருந்து ஊறிப் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுக்குச் செய்தி அனுப்பத் தெருவைச் சுற்றாமல் சுவரைத் தட்டுவது மாதிரி.

அந்தக் கொலையை டாக்டர் ஊசியில் செய்தாள், அவ்வளவுதான். கட்டி இருந்தால்தான் ஊசிக்கு வேலை. இல்லாத மாட்டுக்குப் போட்டால் தண்ணீரைப் போட்டது போல. தடவிப் பார்க்காமலே ஊசியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இதே புரோஸ்டாகிளாண்டின்தான் மாதவிடாயின்போது பெண்ணின் கருப்பையைப் பிசைந்து வலியை உண்டாக்குகிறது. முதல் நாள் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் அமில மாத்திரை செய்வது, உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பது. அத்தை சுருண்டு படுத்திருந்த பின்கட்டு அறைக்கும் செவலை கத்திக்கொண்டு நின்ற கட்டுத்தரைக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பொருள் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்துச் செய்தி ஊருக்கே கேட்டது, மறுபக்கத்தில் முனகல்கூட வெளியே வரவில்லை.

கருப்பை அலையை விடும் நாளில் உள்ளே ஒரு கரு இருந்தால்? அது ஒரு வாரத்துக்கு முன் கடுகளவுகூட இல்லாத உருண்டை. இந்த நாள் நெருங்கும்போது அவசர அவசரமாக நீளத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு சாண் நீள நூலாகிவிடுகிறது. இன்னும் கருப்பைச் சுவரில் ஒட்டவில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நூல் முழுவதும் ஒரு புரதத்தைக் கசியவிட்டுக் கருப்பைச் சுவரைத் தடவிக்கொண்டே போகிறது: இண்டர்ஃபெரான் டவ். கிருமிக்கு எதிராக உடல் சுரக்கும் இண்டர்ஃபெரான் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்று 1987-இல் செம்மறி ஆட்டுக் கருவில் கண்டபோது ஆய்வாளர்களே திகைத்திருப்பார்கள். அந்தப் புரதம் பட்ட கருப்பை அலையை விடுவதில்லை. மஞ்சள் கட்டி பிழைக்கிறது, மாடு கத்துவதில்லை. கரு சோனியாக இருந்தாலோ ஒரு நாள் தாமதமாக நீண்டாலோ குரல் எட்டாது. அமுச்சியின் மூன்றாவது வரியில், இரண்டாவது மூன்றாவது கோட்டில், மாட்டுக்கு வெளியே ஒரு அசைவும் தெரியாத நாளில், எல்லாம் முடிவாகிவிடும். சுவரில் கரி ஏறும் வேகத்தில்தான் நாங்கள் அதைத் தெரிந்துகொண்டோம்.

மனிதக் கரு வேறு ஒரு ஹார்மோனைத் தாயின் ரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. சிறுநீர் பட்டை இரண்டு கோடு காட்டுவது அதனால்தான். எங்கள் ஊரில் ஒருவர் அந்தப் பட்டையை வாங்கி மாட்டு மூத்திரத்தில் நனைத்துப் பார்த்து, ஒரு கோடுதான் வந்தது என்று சினை மாட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பசுக்கருவுக்கு அந்த மொழி தெரியாது.

கத்தாமல் இருந்தால் சினைதான் என்றும் எழுதிவிட முடியாது. கருப்பையில் சீழ் கோத்துக்கொண்டாலும் அலை எழாது, கட்டி நிற்கும், மாடு மாதக்கணக்கில் சாந்தமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். பால் சொசைட்டி வாசலில் எல்லோரிடமும் சினை என்று சொல்லிவிட்டுப் பிறகு தலைகுனிந்தவர்களில் மாமாவும் உண்டு.

பெண்ணின் உட்படலம் ஏன் மாதாமாதம் கழன்று விழ வேண்டும் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். பாலூட்டிகளில் மாதவிடாய் உள்ளவை மிகச் சில: நாம், குரங்கினத்தில் பல, சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, 2016-இல் தெரியவந்த, முள் போன்ற மயிர் கொண்ட ஒரு சுண்டெலி வகை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. கரு வந்து கேட்பதற்கு முன்பே கருப்பை தன் சுவரை மாற்றியமைத்துக்கொள்கிறது. பெண் பார்க்கவே ஆள் வராத வீட்டில் பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீடு வராவிட்டால் பிரிக்கத்தானே வேண்டும். மனிதக் கரு சுவரைத் துளைத்து ரத்தத்துக்குள்ளேயே வேர் விடும் முரட்டு விருந்தாளி என்பதால் இந்த முன்னேற்பாடு என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பசுவின் கரு துளைப்பதில்லை. கருப்பையில் நூற்றுக்கு முன்பின்னாக இருக்கும் சிறு மொட்டுகளின்மேல் பொத்தான் போட்டதுபோல் பொருந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியில் பூப்பூவாகத் தெரிவது அந்தப் பொத்தான்கள். அமுச்சி அதை வைக்கோலில் சுருட்டி, நாய் எட்டாதபடி ஆலமரக் கிளையில் கட்டச் சொல்வாள். ஆல் பால் வடிக்கும் மரம், மாட்டுக்கும் அப்படியே சுரக்கும் என்று. ஈன்ற பசுவுக்குப் பழந்தமிழில் புனிற்றா என்று தனிப் பெயரே உண்டு. கன்று போட்ட சில நாளுக்கு மட்டும் ஒரு பெயர் வைத்தவர்கள் மாட்டை எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

மேற்கே அவ்வளவு பக்கத்தில் நிற்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பருவத்துக்கு அறிவியல் வைத்திருக்கும் ஈஸ்ட்ரஸ் என்ற பெயர், மாட்டைக் கடித்து விரட்டும் ஈக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பசுவாக மாற்றப்பட்ட அயோ என்ற பெண்ணை ஹேரா தேவி ஏவிய ஈ நாடு நாடாக விரட்டும் புராணம் அவர்களுடையது. வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர் 1900-இல் அந்தச் சொல்லை எடுத்து விலங்குகளின் சுற்றுக்குச் சூட்டினார். பருவம் வந்த மாடு ஈ கடித்தது போலத் துள்ளுகிறது என்பது வெளியே நிற்பவர் பார்வை. ‘கத்துகிறது’ என்ற எங்கள் ஊர்ச் சொல் மாட்டின் பக்கம் நின்று பேசுகிறது.

எல்லா விலங்கும் இப்படிக் கத்துவதில்லை, எல்லா விலங்கும் நாள்கணக்கு வைத்துக்கொள்வதும் இல்லை. பூனையும் முயலும் ஒட்டகமும் சேர்க்கை நடந்தால்தான் முட்டையையே விடும். சுற்று என்ற பேச்சுக்கே அங்கு இடம் குறைவு. யானையின் சுற்று ஏறக்குறைய நான்கு மாதம். முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் அலை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எழுகிறது, முதல் அலையில் முட்டை வருவதே இல்லை. ஏன் இந்த ஒத்திகை என்பது எனக்குப் பிடித்த புதிர்களில் ஒன்று. எலிக்கு நாலைந்து நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். அமுச்சி எலிக்கும் சுவர்க் கணக்கு வைத்திருந்தால் வீடே கரியாகியிருக்கும்.

செவலை பிறகு ஒருமுறை இரட்டை ஈன்றது, ஒன்று காளைக் கன்று, ஒன்று கிடேரி. கிடேரி கொழுகொழுவென்று வளர்ந்தது. மூன்று வயதாகியும் ஒரு நாள்கூடக் கத்தவில்லை. காளைக் கன்றோடு பிறந்த கிடேரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படித்தான். 1779-இலேயே லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் இவற்றை அறுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். காரணத்தை 1916-இல் சிகாகோவில் ஃபிராங்க் லில்லி விளக்கினார். பசுவின் வயிற்றில் இரட்டையரின் கொடிகள் ஒட்டி ரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. ஆண் கன்றின் ஹார்மோன்கள் பெண் கன்றுக்குள் பாய்ந்து அதன் கருப்பையும் சூலகமும் வளராமல் செய்துவிடுகின்றன. அந்தக் கிடேரியை விற்றுவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். சில வருடம் கழித்து, ஊரில் ஆணும் பெண்ணுமாகப் பிறந்த இரட்டையரில் அந்தப் பெண்ணுக்கு வரன் பேச வந்த இடத்தில், யாரோ ஒருவர் செவலையின் கிடேரியை நினைவுபடுத்திவிட்டார். ஆணும் பெண்ணுமான மனித இரட்டையரில் குழாய்கள் அப்படி இணைவது மிக அரிது, அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. வரன் தட்டிப்போனது போனதுதான். அத்தை மாட்டின் ரத்தத்தைத் தன் ரத்தமாகப் பார்த்தது யாரையும் நோகடிக்கவில்லை. இது நோகடித்தது.

தங்கையின் மாட்டுக்கு ஆகஸ்ட் 31 அன்று ஊசி. செப்டம்பர் 2 மாலை கத்தியது, அடுத்த நாள் காலை சினை ஊசி. நான் அதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். கேனின் மூடியைத் திறந்ததும் வெண்புகை தரையில் வழிந்தது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். இடுக்கியில் எடுத்த குச்சி தீக்குச்சியைவிடச் சற்றே தடிப்பு, கால் மில்லி, அதற்குள் சுமார் 2 கோடி விந்தணுக்கள். ஊசி போட வந்தவர் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, நுனியை நறுக்கி, நீண்ட ஊசிக்குழலில் ஏற்றினார். இடக்கை உள்ளே கருப்பைக் கழுத்தைப் பிடித்திருக்க, வலக்கை குழலை அதன் மடிப்புகளின் ஊடாக ஒவ்வொரு வளையமாக நுழைத்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாடு தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தது.

செப்டம்பர் 23 இரவு பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள். “அக்கா, கத்தவில்லை. நான் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டேன்.” ஊமையாக வந்திருக்கலாம், சீழாக இருக்கலாம் என்றெல்லாம் என் வாயில் வந்தது. ஆறாம் மாதத்தை நெருங்குகிறவளிடம் அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் முதல் வாரம் டாக்டர் மறுபடி வந்தாள். நானும் போயிருந்தேன். கையை உள்ளே விட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றாள். “கருப்பையின் வலது கொம்பு பெருத்திருக்கிறது. சினைதான்” என்றாள். ஈனும் தேதியைத் தங்கை கேட்டாள். டாக்டர் விரலை மடக்கினாள்: செப்டம்பர் 3, மூன்று மாதம் கழித்தால் ஜூன் 3, ஏழு நாள் கூட்டினால் ஜூன் 10. தங்கை சிரித்துவிட்டாள். “எனக்கும் நர்சம்மா இப்படித்தான் கணக்குப் போட்டார்கள்.” போட்டிருப்பார்கள். ஜெர்மன் மருத்துவர் நேகலேயின் பெயரால் உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் போடும் கணக்கு அது, 280 நாள். மாட்டுக்கு ஊசி போட்ட நாளிலிருந்து 280. பெண்ணுக்குக் கடைசியாகத் தூரமான நாளிலிருந்து 280, முட்டை அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வருகிறது என்றாலும்.

தங்கை தேதியை எழுதி வைக்கக் காலண்டரைத் தேடிப் போனாள். அது டிசம்பரோடு முடிகிறது. அடுத்த வருடத்துக் காலண்டர் உரக்கடைக்கு இன்னும் வரவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டோடு திரும்பி வந்தாள். சிமெண்ட் பூசாமல் விட்டிருந்த பாதிச் சுவரில், அமுச்சியின் பழைய கோடுகள் மங்கித் தெரியும் இடத்துக்குக் கீழே, வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு ‘வைகாசி கடைசி’ என்று எழுதினாள்.